மூணு வரிக்குப் பதினேழு திருத்தம்

இந்தப் பக்கம்தானுங்க. கழுத்துக்குக் கீழ, தோள்பட்டைக்குள்ள போயி எங்கியோ ஒரு எடத்துல பிடிச்சுக்குது. ஆமாங்க, அங்கதான். கொஞ்சம் மெதுவா அழுத்துங்க. குப்புறப் படுத்துட்டே பேசலாம்ங்களா? பேசாமக் கெடந்தா வலிதான் தெரியுது.

என்ன வேலைன்னு கேட்டீங்கல்ல. பெருந்துறை ரோட்டுல மில்லுகளுக்கு சாஃப்ட்வேர் எழுதிக் குடுக்கற கம்பெனி ஒண்ணு இருக்குதுங்க, அதுல இருபது வருசமா இருக்கறேன். ஆனா இந்தக் கழுத்து அந்த வேலையில போனது இல்லை. அங்க ஒம்பது மணிக்குப் போவேன், ஆறு மணிக்கு வந்துருவேன். இது வேற. காலையில அஞ்சு மணிக்கு எந்திரிச்சு எட்டு மணி வரைக்கும், ஞாயித்துக்கெழமைன்னா பகல் பூரா. பதினோரு வருசம். சம்பளம் கெடையாது. யாரும் பண்ணச் சொல்லவும் இல்லீங்க.

எப்படிச் சொல்றது. வாசல்ல அந்தப் பொண்ணு என் பேரைப் பதிஞ்சுதுங்கல்ல? பதிஞ்ச உடனே இங்க உங்க ஸ்கிரீன்ல பூபதின்னு வந்துச்சு. அங்க இருக்கற புரோகிராம் இங்க இருக்கற புரோகிராமுக்கு ஒரு சேதி சொல்லுது. அந்தச் சேதியைக் கொண்டுபோய்ச் சேக்கறதுக்குன்னே எழுதி வெச்ச சின்னப் புரோகிராம் ஒண்ணு இருக்கும். லைப்ரரின்னு சொல்லுவோம். அவங்கவங்க அதை எடுத்து அவங்கவங்க புரோகிராமுக்குள்ள வெச்சுக்குவாங்க. நான் எழுதினதுக்குப் பேரு டமாரம். ஓப்பன் சோர்ஸ். யார் வேணும்னாலும் எடுத்துக்கலாம், பிரிச்சுப் பாக்கலாம், மாத்திக்கலாம். யார் யார் எடுத்தாங்கன்னு எனக்கே தெரியாது. ஏதாச்சும் ரிப்பேர்னா மட்டும் தெரியும், உடனே எழுதிருவாங்க. நல்லா ஓடுதுன்னு எழுதறதுக்கு ஒரு ஆளு வராது.

ஒத்தை ஆளாப் பாத்தேனுங்க. ஒத்தை ஆளுன்னா, உதவிக்கு ஆளே வரலைன்னு சொல்லக்கூடாது. வந்தாங்க. கோட்டயத்துல இருந்து ஒருத்தர், போலந்துல இருந்து ஒருத்தர், சேலத்துக்காரர் ஒருத்தர். ஒருத்தரும் நிக்கலை. எழுதிக் குடுத்ததை ஒரு தடவை திருப்பி அனுப்பினா மறுபடி வர்றதில்லை. பொறுமை இல்லீங்க. நான் என்ன கேட்டேன், பண்றதை ஒழுங்காப் பண்ணுங்கன்னு கேட்டேன். ஒருத்தரையும் நான் சத்தம் போட்டது இல்லை. எல்லாம் எழுத்துலதானே, எழுத்துல எங்கீங்க சத்தம்.

நின்னது ஜெசிந்தா மட்டும்தான். தூத்துக்குடிப் பொண்ணு. அங்க கப்பல் ஏஜென்ட் ஆபீஸ் ஒண்ணுல கம்ப்யூட்டர் பாத்துக்குது. ஆறு வருசமா எங்கூட வேலை பண்ணுச்சு, நேர்ல பாத்ததே இல்லை. எழுதறப்பக்கூட அண்ணேன்னுதான் எழுதும். எனக்குக் கோவம் வர்ற மாதிரி கேக்கறவங்களுக்கெல்லாம் அந்தப் பொண்ணுதான் பதில் எழுதும். அதென்னமோ அதுக்கு அலுக்காது. ஒரே கேள்வியை நாப்பது பேர் கேட்டாலும் நாப்பது பேருக்கும் முதல் தடவை கேட்ட மாதிரியே சொல்லும்.

ஆனா புது வெர்ஷனை வெளியிடற உரிமை எங்கிட்ட மட்டும்தான் இருந்துச்சு. அந்தப் பொண்ணு என்ன எழுதினாலும் நான் பாத்து, நான் சேத்து, நான் வெளியிட்டாத்தான் ஊருக்குப் போகும். ரெண்டு தடவை கேட்டுச்சு, அந்த உரிமையை எனக்கும் குடுங்கண்ணேன்னு. பொறுப்பை எதுக்கு இன்னொருத்தர் தலையில ஏத்தறதுன்னு நானே வெச்சுக்கிட்டேன். அதுவும் கல்யாணம் ஆகிக் கைக்குழந்தை வெச்சிருந்த பொண்ணு. நாம பாத்து நடந்துக்கணும்ல. என் வீட்டுக்காரி கலாமணி அப்பவே சொன்னா, "குடுத்துட்டு நிம்மதியா இருங்க"ன்னு. அவளுக்கு இதுல என்ன தெரியும்.

போன மாசி மாசம் ஆரம்பிச்சுதுங்க. எங்கியோ ஒருத்தர் எழுதறார், அனுப்பின சேதி எப்பவாச்சும் ஒண்ணு ரெண்டு போய்ச் சேரலைன்னு. ஆயிரத்துல ஒண்ணு, ரெண்டாயிரத்துல ஒண்ணு. இந்த மாதிரிப் புகாரு மாசம் நாலு வரும். எல்லாம் அவங்கவங்க நெட்வொர்க் கோளாறா இருக்கும். "உங்க நெட்வொர்க்கைப் பாருங்க"ன்னு எழுதிப் புகாரை மூடிட்டேன். அடுத்த வாரம் இன்னொருத்தர் எழுதினார். அதையும் மூடினேன். மூணாவது ஒருத்தர். "ஏற்கனவே சொன்ன பதில்தான்"னு மூடினேன்.

நாலாவதா வந்தவர் திரவியம். தெக்க ஒரு ஊர்ல டிரஸ்ட் நடத்தற டயாலிசிஸ் சென்டர்ல கம்ப்யூட்டர் பாத்துக்கறவரு. ஒரு பக்கத்துக்கு எழுதியிருந்தார். கிட்னி வேலை செய்யாதவங்களுக்கு வாரத்துல ரெண்டு நாள், மூணு நாள் மெஷின்ல ரத்தம் சுத்தம் பண்றதுங்களே, உங்களுக்குத் தெரியாததா. யாருக்கு என்னைக்கு எத்தனை மணிக்கு முறைன்னு அவங்க செல்லுக்கு சேதி அனுப்புவாங்களாம். அதை அனுப்பற புரோகிராமுக்குள்ள இருந்தது டமாரம். ஒரு மெஷின் ரிப்பேர் ஆகவும், செவ்வாய்க்கெழமை வர வேண்டியவங்களைத் திங்கக்கெழமையே வரச்சொல்லி சேதி போட்டிருக்காங்க. ஒரு அம்மாவுக்குப் போகலை. தையல்காரம்மா. அந்தம்மா எப்பவும்போல செவ்வாய்க்கெழமை பஸ் ஏறி வந்துருக்குது. மெஷின் இல்லை, மத்ததுல ஆளு படுத்திருக்குது. நாளைக்கு வாங்கன்னு அனுப்பிட்டாங்க. புதன்கெழமை காலையில மூச்சு விட முடியாம ஆம்புலன்ஸ்ல ஏத்தி பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோயி, அஞ்சு நாள் அங்க இருந்துருக்குது.

"எங்க கம்ப்யூட்டர்ல சேதி போய்ச் சேந்ததாத்தான் இருக்கு சார், ஆனா அந்தம்மா போன்ல வரவே இல்லை, நான் போனை வாங்கிப் பாத்தேன்"னு எழுதியிருந்தார்.

நான் படிச்சேன். படிக்காம இல்லை. அன்னைக்குக் காலையில மட்டும் பத்தொம்பது புகாரு இருந்துதுங்க. பத்தொம்பதையும் முடிச்சுட்டு வேலைக்குப் போகணும். மனசுக்குக் கஷ்டமாத்தான் இருந்துச்சு. "இந்த மாதிரி உயிர் சம்பந்தப்பட்ட எடத்துல இதைப் பயன்படுத்தறது உங்க பொறுப்பு"ன்னு நாகரிகமா எழுதி மூடிட்டேன்.

ஜெசிந்தா மறுபடி திறந்துச்சு.

நான் மூடினேன். அது திறந்துச்சு. "அண்ணேன், நான் கொஞ்சம் பாத்துக்கிடுதேன், இதை மட்டும் மூடாதீங்க"ன்னு ஒரு வரி. சரி, பாக்கட்டும்னு விட்டுட்டேன்.

ஏழு வாரம் பாத்துச்சுங்க. ஆபீஸ் வேலையும் பாத்துக்கிட்டு, குழந்தையையும் வெச்சுக்கிட்டு. திரவியத்துக்கிட்ட இருந்து பழைய பதிவெல்லாம் வாங்கி, வீட்டுல ரெண்டு கம்ப்யூட்டர் வெச்சு, நடுவுல இருக்கற ஒயரைப் பிடுங்கறதும் சொருகறதுமா. கடைசியில கண்டுபிடிச்சுருச்சு. சேதி கைமாறிட்டு இருக்கறப்ப லைன் அறுந்து மறுபடி ஒட்டிக்கிச்சுன்னா, அந்த ஒரு சேதி மட்டும் காணாமப் போயிரும். ஏன்னா, அந்தப் பக்கத்துல இருந்து வந்துருச்சுன்னு பதில் வர்றதுக்கு முன்னாடியே டமாரம் இந்தப் பக்கம் சேந்தாச்சுன்னு குறிச்சுக்குது.

அந்த எடத்தை எழுதினது நாந்தான். முதல் வருசம் எழுதினது. அதுக்கு மேலயே ஒரு குறிப்பு வேற, "இந்த இடைவெளியில் இணைப்பு அறுபட வாய்ப்பில்லை"ன்னு. அப்ப ஆபீஸ்ல ஒரே ரூமுக்குள்ள வெச்சுத்தான் ஓட்டிப் பாத்தேன். அந்த ரூமுக்குள்ள அறுபடாதுதானுங்க.

திருத்தம் வெறும் மூணு வரி. எழுதி அனுப்பிச்சுருச்சு.

எனக்கு அதுல ஒண்ணும் வருத்தம் இல்லை. தப்பு யாருக்கும் வர்றதுதான். ஆனா திருத்தம்னா திருத்தம் மாதிரி இருக்கணும்ல. பேர் வெச்ச விதம் நம்ம வழக்கத்துல இல்லை. சோதனைக்குன்னு தனியா ஒரு ஃபைல் போட்டிருந்துச்சு, அது வேற எடத்துல இருக்கணும். வேகம் எவ்வளவு குறையுதுன்னு அளந்து போடலை. ஒவ்வொண்ணா எழுதினேன், பதினேழு ஆச்சு. மூணு வரிக்குப் பதினேழான்னு கலாமணி கேட்டா. மூணு வரிங்கறதாலதான் பதினேழு, முந்நூறு வரியா இருந்தா அம்பது வந்துருக்கும்னு சொன்னேன். அவ எந்திரிச்சுப் போயிட்டா.

ஒரு மாசம் கழிச்சுப் போன் வந்துச்சு. ஞாயித்துக்கெழமை, மத்தியானச் சாப்பாட்டுக்கு உக்காந்திருக்கறேன்.

"அண்ணேன், ஜெசிந்தா பேசுதேன்."

ஆறு வருசத்துல குரலை அன்னைக்குத்தான் கேக்கறேன். நான் நெனச்சதைவிடக் கட்டைக் குரல்.

"சொல்லும்மா."

"அந்தத் திருத்தம் அனுப்பி முப்பது நாளாச்சு அண்ணேன்."

"பாத்துட்டுத்தான் இருக்கறேன். பதினேழு எடத்துல மாத்தச் சொல்லியிருந்தேனே."

"பதினேழும் மாத்திட்டேன். மாத்தினதுக்குப் பொறவு நீங்க இன்னும் நாலு சொல்லியிருக்கீங்க."

"வேலைன்னா ஒழுங்கா இருக்கணும்ல."

பின்னாடி குழந்தை எதையோ தட்டிட்டு இருக்குது.

"அந்த டயாலிசிஸ் சென்டர்ல இப்ப எப்படிச் சமாளிக்காங்கன்னு தெரியுமா அண்ணேன்? திரவியம் அண்ணாச்சி சேதி அனுப்பிட்டு ஒவ்வொருத்தருக்கா போன் போட்டு வந்துச்சான்னு கேக்காரு. எம்பது பேருக்கு."

"அது அவரு பண்ணிக்கற ஏற்பாடு. நாம சொல்லலையே."

"நான் ஒண்ணும் பெரிசாக் கேக்கலை. ஒண்ணு, நீங்க நாளைக்கு வெளியிடுங்க. இல்லைன்னா உரிமையை எனக்குக் குடுங்க, நான் வெளியிடுதேன். ஏதும் கோளாறு வந்தா என்னைய ஏசட்டும்."

"அப்படி அவசரப்பட்டெல்லாம் பண்ண முடியாதும்மா. அந்தப் பகுதியையே மொத்தமாப் புதுசா எழுதலாம்னு இருக்கறேன்."

"எப்ப அண்ணேன்?"

"பாக்கலாம்."

"சரி அண்ணேன்"னு வெச்சிருச்சு.

சரின்னு சொன்னா சம்மதம்னுதானுங்க நெனப்போம்? நானும் அப்படித்தான் நெனச்சேன். எட்டாம் நாளு பாக்கறேன், டமாரத்தை அப்படியே ஒரு படி எடுத்து, அந்த மூணு வரியைச் சேத்து, வேற பேர்ல வெளியிட்டுருச்சு. பேரு சங்கு. அது ஊர்ல கடல்ல சங்கு எடுக்கறவங்க ஜாஸ்தி, அதனால வெச்சிருக்கும்னு கலாமணி சொல்றா. எனக்கு ஊதின சங்குன்னுதான் நான் எடுத்துக்கிட்டேன்.

சட்டப்படி தப்பு இல்லீங்க. யார் வேணும்னாலும் எடுத்துக்கலாம்னு எழுதி வெச்சதே நாந்தான். இருந்தாலும் ஆறு வருசம். நான் எல்லாருக்கும் ஒரு கடிதம் எழுதினேன், துரோகம் அது இதுன்னு ஒரு வார்த்தை போடலை. நம்பிக்கையைப் பத்தித்தான் எழுதினேன். கலாமணி படிச்சுட்டு, நம்பிக்கைங்கற வார்த்தை ஆறு எடத்துல வருதுன்னா. சங்கோட முதல் பக்கத்துல என்ன போட்டிருந்துச்சு தெரியுங்களா? இதை முதல்ல உருவாக்கினவர் ஈரோடு பூபதி, அவருக்கு நன்றின்னு. எம்மேல கோவம் இருந்தா கோவமா எழுதறதுதானே.

ஆளுங்க ஒவ்வொருத்தராப் போக ஆரம்பிச்சாங்க. திரவியம் முதல் நாளே போயிட்டாரு.

அப்பத்தான் உக்காந்தேனுங்க. லீவு போட்டு உக்காந்தேன். பத்தொம்பது நாள்ல அந்தப் பகுதியை மொத்தமாப் புதுசா எழுதி முடிச்சேன். இந்தக் கழுத்து அப்ப வந்ததுதான். கையைத் தூக்கிச் சட்டை போட முடியாது, கலாமணிதான் போட்டு விடுவா. ஆனா வேலை அருமையா வந்துருந்துச்சு. எழுதினதைப் பாத்தா எனக்கே சந்தோசம். யாருக்கும் காட்டிச் சரிபாக்கலை. யாருகிட்டக் காட்டறது. வெளியிட்டேன்.

மூணாம் நாளு ஊட்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துல இருந்து எழுதறாங்க. மழைக்கு லீவுன்னு பெத்தவங்களுக்கு ஒரு சேதி அனுப்பினாங்களாம், ஒவ்வொருத்தருக்கும் பதினாலு தடவை போயிருக்குது. அதுக்கு முன்னாடி லீவு இல்லைன்னு அனுப்பினதும் கூடவே கலந்து பதினோரு தடவை. ஜனங்களுக்கு எது கடைசிச் சேதின்னே தெரியலை. பாதிப் புள்ளைங்க மழையில வந்து பூட்டின கேட்டுக்கு முன்னாடி நின்னிருக்குதுங்க. அப்புறம் வரிசையா வந்துச்சு. முப்பது எடம். முன்னாடி காணாமப் போச்சு, இப்ப ஒண்ணே பத்தாப் போகுது.

தேடினேன். பன்னெண்டு நாள் தேடினேன். நாமளே எழுதினதுல நாமளே தப்பைத் தேடறது இருக்குதுங்களே, கண்ணு அந்த எடத்துக்கு வந்ததும் தன்னால தாண்டிப் போயிருது. நல்லா எழுதின எடமாச்சேன்னு.

பதிமூணாம் நாளு காலையில புகாருப் பக்கத்துல ஜெசிந்தா பேர்ல ஒரு பதிவு. போன்ல பேசி ரெண்டு மாசம் கழிச்சு. என்ன தப்புன்னு நாலு வரி: வந்துருச்சுன்னு பதில் வரலைன்னா சேதியை மறுபடி அனுப்பச் சொல்லியிருக்கீங்க, ஆனா இது முன்னயே வந்ததுதானான்னு அந்தப் பக்கத்துக்குத் தெரியறதுக்குச் சேதி மேல நம்பர் இல்லை. அதுக்குக் கீழ திருத்தம். அது சங்குக்கு இல்லீங்க. டமாரத்துக்கு. நான் எழுதின விதத்துலயே, என் வழக்கப்படி பேர் வெச்சு, சோதனை ஃபைலை நான் சொல்ற எடத்துல வெச்சு, வேகம் அளந்து போட்டு. ஒரு குத்தல் இல்லை. எனக்கு ஒரு மணி நேரம் அதைப் பாத்துட்டே உக்காந்திருக்கத்தான் முடிஞ்சுது.

சரியாத்தான் இருந்துச்சு. ஆனா ஒரு எடத்துல ஒரு பேரு மட்டும் எனக்குப் பிடிக்கலை, அதை மாத்தச் சொல்லி எழுதினேன். பத்து நிமிசத்துல மாத்தி அனுப்பிருச்சு.

சிரிக்கறீங்களா? கலாமணி சிரிக்கலை. அவ காபி டம்ளரை வெச்சுட்டு, "உங்களுக்கு என்னதாங்க வேணும்?"னா. அவ்வளவுதான் கேட்டா.

சாயந்தரம் ஜெசிந்தாவுக்கு எழுதினேன், வெளியிடற உரிமையை உனக்கு எழுதித் தந்தர்றேன், எடுத்துக்கம்மான்னு. பதில் மறுநாள் வந்துச்சு. "இல்லை அண்ணேன். இருக்கதைப் பாக்கதுக்கே நேரம் சரியா இருக்கு. உடம்பைப் பாத்துக்கிடுங்க." அவ்வளவுதான். எனக்கு உடம்பு சரியில்லைன்னு யாரு சொன்னாங்கன்னு தெரியலை. கலாமணியா இருக்கும்.

போன வாரம் திரவியத்துக்குப் போன் போட்டேனுங்க. எங்கிட்ட இப்ப எல்லாம் சரியாயிருச்சு, திரும்பி வரலாம்னு சொல்லத்தான் போட்டேன். ரொம்ப மரியாதையாப் பேசினார். "இப்ப இங்க நல்லா ஓடுது சார், மாத்த வேண்டாம்னு பாக்கோம்"னார். சரின்னு வெக்கப்போனவன், என்னமோ தோணிக் கேட்டேன், அந்த அம்மா எப்படி இருக்காங்கன்னு.

"எந்த அம்மா சார்?"

"அந்த… தையல்காரம்மா."

"சந்தனமாரியா? வாராங்க சார். செவ்வாய், வெள்ளி. அன்னையில இருந்து அவங்க செல்லுச் சேதியை நம்புறதில்லை. முந்துன நாளே நேர்ல வந்து கேட்டுட்டுத்தான் போவாங்க. போக வர மூணு மணி நேரம். போன்ல சொல்லுதேன்னாலும் கேக்க மாட்டேங்காங்க."

அஞ்சு மாசமுங்க. அந்தப் புகாரை நான் எத்தனை தடவை திறந்திருப்பேன், எத்தனை தடவை மூடியிருப்பேன். பேரு என்னன்னு கேக்கணும்னு தோணவே இல்லை. வாரத்துக்கு ரெண்டு நாள் மெஷின்ல படுக்கறதுக்கு, அதுக்கு மேல ரெண்டு நாள் வெறுமனே கேட்டுட்டுப் போறதுக்குன்னு பஸ் ஏறுது அந்தம்மா. இதை எந்தத் திருத்தத்துலீங்க சேக்கறது.

முந்தாநேத்து டமாரத்தோட முதல் பக்கத்துல ஒரு அறிவிப்புப் போட்டேன். இனிமே இதை நான் பாக்கறதில்லை, எல்லாரும் ஜெசிந்தா பாத்துக்கற சங்குக்கு மாறிக்குங்க, அது நல்லா இருக்குதுன்னு. வயசு, உடம்பு, வேலைப்பளு, எல்லாம் எழுதினேன். பதினோரு வருசம் கூட இருந்தவங்களுக்கு நன்றி எழுதினேன். கோட்டயத்துக்காரர், போலந்துக்காரர், சேலத்துக்காரர், பேரு போட்டு எழுதினேன். போலந்துக்காரர் ஒருத்தர் மட்டும் பதில் போட்டாரு, நல்லா ஓய்வெடுங்கன்னு.

ரெண்டு நாளா காலையில அஞ்சு மணிக்கு முழிப்பு வந்துருது. எந்திரிச்சு என்ன பண்றதுன்னு தெரியலை. இன்னைக்கு வாசல்ல போயி நின்னுட்டு வந்து படுத்துக்கிட்டேன்.

என்ன கேட்டீங்க? அதையா?

இல்லீங்க. அதை எழுதலை. சேதி காணாமப் போனது முதல் வருசத்துல நான் எழுதின எடத்துலதான், நாலு தடவை சொல்லியும் நாந்தான் கேக்கலைன்னு… அதை எழுதலை. சங்கோட பக்கத்துல ஜெசிந்தா இதைப் பத்திப் போட்டிருக்குது, "ஆரம்பத்திலிருந்தே இருந்த ஒரு பிழை"ன்னு. யாரு பண்ணினதுன்னு போடலை. போட்டிருக்கலாம்ல. போடலை. அதனால யாருக்கும் தெரியாது.

நேத்துக் காலையில உக்காந்தேனுங்க, எழுதிரலாம்னு. ஒரே ஒரு வரிதான். எட்டு மணி வரைக்கும் உக்காந்திருந்துட்டு வேலைக்குப் போயிட்டேன்.